பர்மா தேக்கு: ஒரு வாசக்காலும் சில புள்ளிவிவரங்களும்

போன வருஷம் மழைக்கு முன்னால், ராசிபுரம் பக்கத்தில் இருந்த எங்கள் அப்பாரு வீட்டைப் பிரித்தோம். ஓட்டு வீடு. ஒரு பக்கச் சுவர் சாய்ந்துவிட்டது, குடியிருக்க யாரும் இல்லை. பழைய மரம் வாங்குகிறவர் ஒருவர் நாமக்கல்லில் இருந்து வந்தார். உத்திரம், கை, சட்டம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். உத்திரம் வேம்பு, உள்கதவு இரண்டும் பூவரசு என்று சொல்லிவிட்டு முன்வாசலுக்கு வந்தவர் வாசக்காலில் நின்றுவிட்டார். நகத்தால் கீறினார். சின்னதாக ஒரு சிராய் எடுத்து முகர்ந்தார்.

"இது பர்மாங்க. இத மட்டும் தனியா வெல பேசிக்கலாமுங்க" என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வாசலில் நின்று பார்த்தால் எதிரே கொல்லிமலை தெரியும். மலையடியில் கட்டிய வீட்டுக்கு மரம் ஏன் கடல் தாண்டி வந்தது? அப்பாவைக் கேட்டேன். 1936, 37 வாக்கில் கட்டியது, மரம் ரயிலில் சேலம் வந்து அங்கிருந்து வண்டி மாட்டில் வந்ததாக அப்பாரு சொல்லுவார் என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் சில மாதங்கள் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மாவட்ட மேனுவல், வனத்துறை வரலாறுகள், பழைய வணிகப் புள்ளிவிவரங்கள் என்று படித்தேன். நடுவே நாமக்கல், சேலம் மரக்கடைகளிலும் போய் நின்றேன். எடுத்த குறிப்புகளைக் கோர்த்து இங்கே வைக்கிறேன். மர வணிகம் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தேவை கூடியது, இறக்குமதி கூடியது என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். எனக்குக் கிடைத்த சித்திரம் வேறு. நம் ஊருக்கு வந்த வெளிநாட்டு மரத்தின் கதையில் பெரிய திருப்பங்கள் எல்லாம் எங்கோ ஒரு அரசாங்கம் ஒரு கோட்டைப் போட்டதாலோ அழித்ததாலோ வந்தவை.

போன சொல்லும் வந்த மரமும்

முதலில் ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தின் 'டீக்' நம்முடைய தேக்குதான். மேற்குக் கடற்கரையில் போர்த்துகீசியர்கள் கேட்டு 'தெக்கா' என்று எடுத்துக்கொண்டார்கள், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. மரமும் அப்படித்தான் இங்கிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது இந்தியத் தேக்கு கிடைத்திருக்கிறது. ரோமானியர் காலத்தில் தேக்கை ஏற்றுமதி செய்த நாடு, 19-ஆம் நூற்றாண்டில் அதே மரத்துக்குக் கடல் தாண்டிக் கையேந்த ஆரம்பித்தது.

சேலம், நாமக்கல் சமவெளி தேக்குக்குப் பேர் போன இடமில்லை. அதற்கு ஆனைமலை, நிலம்பூர் பக்கம் போகணும். ஆனால் நம்மிடம் வேறு வைர மரங்கள் இருந்தன. காவிரிக் கரையின் வறண்ட குன்றுகளில் ஆச்சா மரம் உண்டு. இந்தியாவிலேயே மிகக் கனமான மரங்களில் அது ஒன்று, தண்ணீரில் போட்டால் மூழ்கும். மலைச்சரிவில் வேங்கை, மருது. சமவெளியில் வேம்பு, இலுப்பை, கருவேல். வண்டிச் சக்கரத்துக்குக் கருவேல், வீட்டுக்கு வேம்பு என்று அந்தந்த வேலைக்கு அந்தந்த மரம். எங்கள் அப்பாரு வீட்டிலேயே வாசக்காலைத் தவிர மற்றதெல்லாம் உள்ளூர் மரம்தான்.

அப்புறம் என்ன ஆச்சு என்பதற்கு இரண்டு பதில்கள். ஒன்று இரும்பு, இன்னொன்று ரயில்.

1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற முன்னாள் கம்பெனி அதிகாரி, சேலத்து இரும்புத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். பிற்பாடு சேலம் மாவட்டத்துக் காவிரிக் கரையில் பூலாம்பட்டியிலும் உலை வைத்தார்கள். கஞ்சமலைத் தாது உயர்ந்த தரம்தான். ஆனால் உலைக்கு நிலக்கரி கிடையாது, எல்லாம் மரக்கரி. கரிக்கு வைரம் பாய்ந்த கட்டைதான் சரிப்படும். உலையைச் சுற்றிய காடு கரைந்துகொண்டே போகும், கரி கொண்டுவரும் தூரமும் செலவும் ஏறிக்கொண்டே போகும். அந்தத் தொழில் நொடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்து ரயில். 1856 ஜூலையில் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை தொடங்கிய பாதை, ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு வழியாக 1862-இல் மேற்குக் கரையின் பேப்பூரைத் தொட்டது. ஒரு மைல் பாதைக்கு 1,700-க்கு மேல் ஸ்லீப்பர் கட்டை வேண்டும். நம் வெயிலிலும் கரையானிலும் அவை சில வருஷங்களிலேயே உளுத்துவிடும், திரும்பவும் மாற்றணும். போதாக்குறைக்கு மெட்ராஸ் ரயில்வே எஞ்சின்கள் பல ஆண்டுகள் விறகில் ஓடியவை. பாதை போன வழியெல்லாம் இருந்த குன்றுகளின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

பாதை திறந்த அதே 1856-இல்தான் மெட்ராஸ் மாகாணத்துக்கு ஹ்யூ கிளெக்ஹார்ன் வனக் காப்பாளராக வந்தார். 1882-இல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. மலைகளில் ரிசர்வ் எல்லைகள் வரையப்பட்டன. ஆடு மேய்க்கிறவர், விறகு பொறுக்குகிறவர், கலப்பைக்குக் கொம்பு வெட்டுகிறவர் எல்லாரும் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். உள்ளூர் ஆசாரிக்கு மலை மரம் பர்மிட் இல்லாமல் கிடையாது. கொல்லிமலை கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாமல் போனது இப்படித்தான்.

ஸ்லீப்பருக்குக் கூட வெளிநாட்டு மரம் வந்தது. பால்டிக் பக்கத்துப் பைன் கட்டைகளில் கிரியோசோட் எண்ணெய் ஏற்றி இங்கிலாந்தில் இருந்து கப்பலில் அனுப்பினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா என்ற வைர மரமும் இந்திய ரயில் பாதைகளுக்கு வந்திருக்கிறது. ஆனால் வீடு கட்டுகிறவன் கைக்கு வந்த வெளி மரம் என்றால் அது பர்மா தேக்குதான்.

மரத்துக்காக ஒரு சண்டை

பர்மாவை ஆங்கிலேயர்கள் மூன்று போர்களில் விழுங்கினார்கள். 1826 உடன்படிக்கையில் தெனாசெரிம், 1852-இல் ரங்கூனும் பெகுவும், 1885-இல் மிச்சம் இருந்த மேல் பர்மா. மூன்றிலும் தேக்கு கூடவே வருகிறது. தெனாசெரிம் காடுகளை லைசென்ஸ் வாங்கிய வியாபாரிகள் ஒரு தலைமுறைக்குள் வெட்டித் தீர்த்தார்கள். அந்தப் பாடத்துக்குப் பின் பெகு காடுகளுக்கு 1856-இல் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரை நியமித்தார்கள். பிற்பாடு இந்தியா முழுமைக்கும் முதல் வனத்துறைத் தலைவராக ஆனவர் அவர்தான்.

மூன்றாவது போரின் சாக்கே மரம். 1863-இல் தொடங்கப்பட்ட பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன், மேல் பர்மாவில் குத்தகைக்கு எடுத்த காட்டில் கணக்கில் காட்டியதைவிட அதிகமாகத் தேக்கு எடுத்தது என்று மன்னர் திபாவின் மன்றம் ஏறத்தாழ 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. ஆங்கிலேய அரசு இறுதி எச்சரிக்கை விட்டது. 1885 நவம்பர் கடைசியில் மாந்தளை விழுந்தது. பிரான்சுடனான போட்டி மாதிரி வேறு காரணங்களும் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மரக் கம்பெனியின் அபராதத்தில் தொடங்கி ஒரு ராஜ்யம் போனது நிஜம்.

பர்மா மரம் ஏன் உசத்தி என்று மரக்கடையில் கேட்டால் "அது பர்மாங்க" என்பதுதான் பதில். உண்மையான காரணம் அது வந்த விதத்தில் இருக்கிறது. பச்சைத் தேக்கு தண்ணீரில் சரியாக மிதக்காது. அதனால் மரத்தை வெட்டும் முன்பே அடியில் சுற்றிலும் பட்டையையும் வெள்ளையையும் வளையமாக வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே செத்துக் காயும். சுமார் மூன்று வருஷம் கழித்துத்தான் சாய்ப்பார்கள். யானைகள் ஓடைக்கு இழுத்துவரும். மழை வெள்ளத்தில் ஓடையில் இருந்து ஆற்றுக்கு, ஆற்றில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு. இதற்கே இன்னும் சில வருஷங்கள் ஆகும். ஆக நம் ஊர் ஆசாரி உளி வைக்கும்போது அந்த மரம் பல வருஷம் காய்ந்து, நனைந்து, மறுபடி காய்ந்து அடங்கியிருக்கும். அதற்கு மேல் திருகாது, வெடிக்காது. மரத்தின் வயசும் நூறைத் தாண்டியிருக்கும். இது மண்ணின் மகிமை மட்டுமில்லை, வேலை முறையின் மகிமையும்தான். இதை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது. நகரத்தார் பர்மாவில் தொழில் செய்தார்கள், மரத்தைக் கொண்டுவந்தார்கள். எங்கள் அப்பாருக்கு ரங்கூன் எந்தத் திசை என்று கூடத் தெரிந்திருக்காது. ஆனாலும் ஒரு வாசக்காலாவது பர்மாவில் வைக்கணும் என்ற ஆசை ராசிபுரம் வரை வந்துவிட்டது. ரயில் காட்டைத் தின்றது, பின்பு அதே ரயில் துறைமுகத்து மரத்தைக் கொண்டுவந்து இறக்கியது.

புள்ளிவிவரத்தில் இரண்டு குழிகள்

இனி கொஞ்சம் ஆராய்ச்சிக்காரர்களுக்கான பகுதி. பொறுத்துக்கொள்ளுங்கள், இதில்தான் நானும் விழுந்து எழுந்தேன்.

முதல் குழி. இந்தியாவின் பழைய வெளிநாட்டு வணிக அட்டவணைகளில் பர்மா தேக்கைத் தேடினால், 1936 வரை அது கண்ணில் படாது. அப்புறம் திடீரென்று முளைக்கும். 1937-இல் பர்மா தேக்குக்கு மவுசு கூடிவிட்டது என்று எழுதத் தோன்றும். நானும் நோட்டில் அப்படித்தான் முதலில் எழுதினேன். விஷயம் வேறு. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனில் இருந்து சென்னைக்கு வரும் மரம் இறக்குமதி இல்லை, கடலோர வணிகம். அதற்குத் தனி அட்டவணை. ஏப்ரல் 1 அன்று பர்மா தனியாகப் பிரிந்தது. அதே மரம், அதே கப்பல், அதே துறைமுகம். எழுதுகிற பேரேடு மட்டும் மாறியது. எங்கள் வீடு 1936-இல் கட்டியது என்றால் அந்த வாசக்கால் உள்நாட்டு மரம். 1937 கடைசியில் என்றால் வெளிநாட்டு மரம்!

இரண்டாவது குழி அளவு. பழைய தேக்குக் கணக்கெல்லாம் டன்னில் இருக்கும். அது எடை இல்லை. ஒரு டன் தேக்கு என்றால் 50 கன அடி. அந்தக் கன அடியும் பள்ளிக்கூடத்துக் கன அடி இல்லை, ஹாப்பஸ் கன அடி. மரத்தின் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 4 அடி சுற்றளவு, 10 அடி நீளம் உள்ள உருட்டு மரம் இந்தக் கணக்கில் 10 கன அடி. உண்மையில் அதற்குள் இருப்பது சுமார் 12.7 கன அடி. அறுக்கும்போது போகிற சேதாரத்துக்கு வாங்குகிறவனுக்கு விட்டுக்கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைய புள்ளிவிவரம் கன மீட்டரில் இருக்கிறது. ஒரு தேக்கு டன் ஏறத்தாழ 1.8 கன மீட்டர். இது தெரியாமல் சாதாரண 50 கன அடி என்று எடுத்து 1.4 என்று போட்டால், பழைய காலத்து வரவு கால் பங்குக்குக் கிட்டத்தட்டக் குறைந்து தெரியும். இன்றைய இறக்குமதி பூதாகரமாகத் தெரியும். இரண்டு காலத்தையும் ஒரே கோட்டில் வரைந்து காட்டுகிற படங்களைப் பார்த்தால், எந்த டன் என்று முதலில் கேளுங்கள்.

கதவு சாத்திய வருஷங்கள்

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. தேக்கு வரத்து நின்றது. அந்த வருஷம் நடந்தே ஊர் திரும்பிய லட்சக்கணக்கானவர்களில் தமிழர்கள் ஏராளம். மரத்தின் கதையை எழுதும்போது அவர்களை ஒரு வரியிலாவது நினைக்காமல் போகக் கூடாது.

1948 ஜனவரி 4-இல் பர்மா சுதந்திரம் பெற்றது. தேக்குத் தொழிலை அரசே எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. 1962-இல் நெ வின் ஆட்சியைப் பிடித்த பின் வணிகம் முழுக்க அரசுடைமை. இந்தியர்கள் கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அதற்கப்புறமும் தேக்கு வந்தது. ஆனால் பழைய தாராளம் இல்லை, விலையும் சாமானியருக்கு எட்டவில்லை.

அந்தப் பத்துகளில் நம் பக்கம் மரத்துக்கு ஒரு புதிய பசி வந்தது. லாரி. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி லாரித் தொழிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கம்பெனியில் இருந்து சேஸிஸ் மட்டும் வரும். கேபினும் பாடியும் இங்கேதான். அந்தக் காலத்து லாரி பாடி என்றால் பெரும்பகுதி மரம். நாமக்கல்லில் நாற்பது வருஷமாகப் பாடி கட்டும் ஒரு ஆசாரியிடம் பேசினேன்.

"அடிப் பலகை, குறுக்குச் சட்டம், சைடு எல்லாம் மரந்தானுங் தம்பி. மொதல்ல நம்மூரு வேம்பு, மருது வந்துச்சு. அப்பறம் கேரளா மரம். அப்பறம் எல்லாமே மலேசியான்னு ஆயிப்போச்சு. இப்ப இரும்பு வந்துருச்சுங். உளி புடிக்கிற பசங்க எல்லாம் வெல்டிங் புடிக்கறாங்க."

அவர் தன் ஆயுசையே மூன்று மரங்களாகப் பிரித்துச் சொன்னார். எந்த வருஷம் எது மாறியது என்று அவருக்கு நினைவில்லை. எனக்கு அந்த வருஷங்கள் சட்டப் புத்தகத்தில் கிடைத்தன.

1980-இல் மத்திய அரசின் வனப் பாதுகாப்புச் சட்டம். 1988-இல் தேசிய வனக் கொள்கை: காடு முதலில் சூழலுக்கு, ஆலைகள் தங்களுக்கான மரத்தை வெளியே தேடிக்கொள்ளட்டும் என்று திசை மாற்றியது. 1990-களில் மர இறக்குமதிக்கு இருந்த தடைகள் தளர்ந்தன. பிறகு 1996 டிசம்பர் 12. கூடலூர்க் காடுகள் அழிவதைத் தாங்க முடியாமல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் வந்த இடைக்கால உத்தரவு நாடு முழுக்கக் காட்டு மரம் வெட்டுவதை நிறுத்தியது. மத்திய அரசு ஒப்புக்கொண்ட வேலைத் திட்டம் இருந்தால்தான் வெட்டலாம். தமிழ்நாட்டுக் காடுகளுக்குத் தனியாகவே தடை சொல்லியிருந்தது. கூடலூரில் தொடங்கிய ஒரு மனு, நாமக்கல் பட்டறையில் இருந்த மரத்தை மாற்றிப்போட்டது.

நல்ல தீர்ப்பு. அது இல்லாவிட்டால் இன்று நீலகிரியில் என்ன மிச்சம் இருந்திருக்கும் என்று தெரியாது. ஆனால் லாரி ஓடுவது நிற்கவில்லை, வீடு கட்டுவதும் நிற்கவில்லை. வரி அமைப்பும் ஒரு கை கொடுத்தது. அறுத்த மரத்தைவிட உருட்டு மரத்துக்குச் சுங்கம் குறைவு. அங்கே வெட்டி, இங்கே அறு என்று அர்த்தம். தூத்துக்குடியில் உருட்டு மரம் இறங்கியது, மதுரை வழியாக நம் சாமில்களுக்கு ஏறி வந்தது.

மலேசியா மரம் என்று நாம் பொதுவாகச் சொன்னதில் பெரும்பகுதி போர்னியோ தீவின் சரவாக் மாநிலத்துக் காடு. அங்கே பெனான் என்ற பழங்குடி மக்கள் 1987-இல் மரம் ஏற்றும் பாதைகளை மறித்து உட்கார்ந்தார்கள். அப்போது சரவாக் மரத்தின் பெரிய வாடிக்கையாளர் ஜப்பான். பின்னாளில் அந்த இடத்துக்கு இந்தியா போனது. சரவாக்கில் இருந்து வெளியேறிய உருட்டு மரத்தைப் பல வருஷம் அதிகமாக வாங்கியது நாம்தான். நம் காட்டுக்கு நீதிமன்றம் இருந்தது. அவர்கள் காட்டுக்கு?

ஒரு பத்திரம்

இந்த இடத்தில் சொந்தக் கதை ஒன்று. தொண்ணூறுகளின் நடுவில் தேக்கு யூனிட் என்று ஒரு காய்ச்சல் வந்தது, நினைவிருக்கும். பணம் கட்டினால் உங்கள் பேரில் தேக்கு நட்டு வளர்ப்பார்கள், இருபது வருஷத்தில் லட்சங்கள். எங்கள் அப்பா 5,000 ரூபாய் கட்டினார். கம்பெனியின் பேர் வேண்டாம். பச்சை பார்டர் போட்ட பத்திரம் வந்தது, அது இன்னும் பீரோவில் இருக்கிறது. 1999-இல் செபி இந்த மாதிரித் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தபோது அந்தக் கம்பெனியின் ஆபீஸ் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை இருந்தது.

அப்பா ஏமாளி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவர் கண் முன்னால் தேக்கு விலை ஏறிக்கொண்டே இருந்தது. காடு மூடிவிட்டது, பர்மா தூரம், அது மேலும் ஏறும் என்பதும் சரியான கணக்குத்தான். பொய் வேறு இடத்தில் இருந்தது. விளம்பரத்தில் போட்ட விலை நூறு வருஷத்துக் காட்டுத் தேக்கின் விலை. நடப்போவது இருபது வருஷத்துத் தோட்டத் தேக்கு. தண்ணீர் விட்டு அவசரமாக வளர்த்த மரத்தில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. வளையம் வெட்டி மூன்று வருஷம் நிற்க வைத்து, ஆற்றில் மிதக்கவிட்டு யாரும் கொண்டுவரப் போவதும் இல்லை. இரண்டுக்கும் பேர் தேக்குதான். விலை ஒன்றாக இருக்க முடியாது.

2014-உம் அதற்குப் பின்னும்

மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்தது. மறுபடியும் ஒரு ஏப்ரல் 1! தடை வரப்போகிறது என்று தெரிந்ததால் அதற்கு முந்தைய மாதங்களில் வாங்கிக் குவித்தார்கள். வரைபடத்தில் ஒரு கூம்பும் பிறகு ஒரு பள்ளமும் விழுந்ததற்குக் காரணம் அதுதான். தடைக்கு நியாயம் இருந்தது. 2010-க்கும் 2015-க்கும் நடுவில் மியான்மர் வருஷத்துக்கு 5,46,000 ஹெக்டேர் காட்டை இழந்ததாக ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு கணக்கிட்டது. பிரேசில், இந்தோனேசியாவுக்கு அடுத்து உலகிலேயே மூன்றாவது இடம். 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மேல் தடை விதித்தன.

மியான்மர் மட்டும் இல்லை. இந்தோனேசியா 1985-லேயே உருட்டு மரத்தை நிறுத்தியது. ஆப்பிரிக்காவில் காபோன் 2010-இல், மலேசியாவின் சபா 2018-இல். ஒவ்வொரு நாடும் கதவு சாத்தச் சாத்த, வாங்குகிறவர்கள் அடுத்த கதவைத் தட்டினார்கள். இன்றைக்குச் சேலத்தில் ஒரு மரக்கடைக்குப் போனால் கானா, நைஜீரியா, டான்சானியா, ஈக்வடார், கோஸ்டாரிகா என்று உலக வரைபடமே அடுக்கி வைத்திருக்கிறது. பெரும்பாலும் தோட்டத்தில் வளர்த்த தேக்கு. அந்த நாடுகளில் தேக்கு இயற்கையாக வளர்கிற மரமே இல்லை, நம் பக்கத்தில் இருந்து போன விதையின் வம்சம். 1840-களில் நிலம்பூரில் கனோலி கலெக்டராக இருந்தபோது சாத்து மேனன் நட்டு ஆரம்பித்த தேக்குத் தோட்ட முறைதான் உலகம் சுற்றி, கண்டெயினரில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது.

ஒரு கடையில் நல்ல நிறத்தில் இருந்த பலகையைக் காட்டிக் கேட்டேன்.

"பர்மாங்களா?"

"பர்மா மாதிரிங்க."

"எந்த ஊரு மரம்?"

கொஞ்சம் யோசித்தார். "கானாவுங்க. ஆனா கேக்கறவங்களுக்கு பர்மான்னாத்தான் திருப்தி."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பர்மா என்பது இப்போது ஒரு தரத்தின் பேர், ஒரு நாட்டின் பேர் இல்லை. ஆனால் வாங்குகிறவர் நூறு வருஷத்து வைரத்துக்கான விலையைக் கொடுத்து இருபது வருஷத்து மரத்தை வாங்கிப் போனால், அது எங்கள் அப்பாவின் பத்திரக் கதை மறுபடி நடப்பதுதான். கடைக்குப் போனால் நாட்டின் பேரைக் கேளுங்கள். வெட்டு முனையில் வளையங்களை எண்ணுங்கள். வெள்ளை எவ்வளவு, வைரம் எவ்வளவு என்று பாருங்கள். பேருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக

எனக்குக் கிடைத்த ஆண்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கிறேன்: 1882, 1937, 1942, 1962, 1996, 2014. நம் சமவெளிக்கு மரம் எங்கிருந்து வந்தது, எந்தப் பேரேட்டில் எழுதினார்கள், எங்கே நின்றது என்பது இந்த வருஷங்களில் மாறியிருக்கிறது. இந்த வருஷங்கள் எதிலும் நமக்கு மரம் தேவைப்படும் அளவு ஒரே நாளில் மாறவில்லை. தேவை அப்படியே இருந்தது, வெட்டு விழுகிற இடம்தான் மாறியது. கொல்லிமலையை மூடினால் பெகு, கூடலூரை மூடினால் சரவாக், மியான்மரை மூடினால் இன்னொரு கண்டம். காட்டை மூடியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மூடியதோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம், மரம் எங்கே வளரப்போகிறது என்று நூறு வருஷத்துக்கு மேலாக யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கொஞ்சம் யோசிக்கிறார்கள். மியான்மர் தடை வந்த அதே 2014-இல்தான் இந்தியா வேளாண் காடுகளுக்கு என்று ஒரு தேசியக் கொள்கையும் கொண்டுவந்தது. நாமக்கல் பக்கம் தோட்டங்களில் மலைவேம்பு நிற்கிறது, வரப்பில் தேக்கு நிற்கிறது. ஆனால் வளர்த்தவர்களைக் கேட்டால் இரண்டு குறை சொல்கிறார்கள். ஒன்று, வெட்டவும் ஏற்றிப் போகவும் அலைய வேண்டிய காகிதம். இரண்டு, கண்டெயினரில் வரும் மரத்தோடு போட்டி போட முடியாத விலை. என் மாமா தோட்டத்து வரப்பில் முப்பது வருஷத்துத் தேக்கு இருபது மரம் நிற்கிறது. அதைப் பார்த்த வியாபாரி சொன்ன விலையில் கன அடிக்குக் கானா மரத்தில் பாதி கூட வரவில்லை. அவர் வெட்டவில்லை. "நிக்கட்டும் மாப்ள, உங்க புள்ளைங்க காலத்துக்கு வைரம் பாயும்" என்கிறார்.

வாசக்காலை நான் விற்கவில்லை. பழைய மரக்காரர் இரண்டு தடவை போன் பண்ணிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அதை அளந்து, அறுக்காமல் அப்படியே புது வீட்டு முன்வாசலுக்கு வைக்கச் சொல்லியிருக்கிறேன். கதவுக்கு மாமா தோட்டத்தில் ஒரு மரம் கேட்டிருக்கிறேன். வெள்ளை கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும் என்று ஆசாரி சொல்லிவிட்டார். பரவாயில்லை, எந்த ஊர் மரம் என்று யாராவது கேட்டால் சரியான பதில் சொல்ல முடியும்.